முழங்கால் ஆபரேஷன்: நரம்புகிட்ட போடுற ஊசி எத்தனை நேரம் தாங்கும்?

முக்கூடல் மகள்:
எங்கம்மைக்கு 66 வயசு. சின்ன வயசுலேர்ந்து சப்பணம் போட்டு, மடியில சுளவ வச்சு பீடி சுத்தின கால். வர்ற புதன்கிழமை பாளையங்கோட்டையில வலது மூட்டு மாத்துதாங்க. முதுகுல ஊசி போட்டு ஆபரேஷன். அது போக, வலி தெரியாம இருக்க தொடையில நரம்புகிட்ட ஒரு ஊசி போடுவோம்னு மயக்க டாக்டர் சொன்னாங்க. பக்கத்து வீட்டு மதினி, "நரம்புல ஊசி போட்டா கால் வெளங்காம போயிரும்"னு சொல்லிட்டா. அம்மை ராத்திரி பூரா உறங்கல. போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

வீரவநல்லூர் அக்கா:
தங்கச்சி, போன ஐப்பசியில எனக்கு இடது காலுக்குப் போட்டாங்க. ஊசி நரம்புக்குள்ள போகாது, நரம்பைச் சுத்தி மருந்த விடுதாங்கன்னு அம்மைகிட்ட முதல்ல சொல்லு. ஸ்கேன் திரையில ஊசி முனையப் பார்த்துக்கிட்டேதான் போடுதாங்க. எனக்கு அந்த ஜெல் தடவின குளிர்ச்சிதான் ஞாபகம் இருக்கு.

ஆபரேஷன் மத்தியானம். சாயங்காலம் வலியே இல்ல, இட்லி தின்னுட்டுப் படுத்தேன். ராத்திரி நர்ஸ் மாத்திரை கொண்டாந்தா. "வலிக்கலயே, எதுக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டேன். அங்கதான் தப்புப் பண்ணேன். விடியக்காலம் நாலு மணிக்கு மரப்பு விட்டுருச்சு. வலி மொத்தமா வந்து எறங்குச்சு. கட்டில் கம்பியப் பிடிச்ச கைய எடுக்க முடியல. மாத்திரை முழுங்கி, ஊசி போட்டு, அடங்கதுக்குள்ள நல்லா விடிஞ்சு போச்சு.

ஒரு தடவை போடுற ஊசி சுமாரா 12லேர்ந்து 24 மணி நேரம் தாங்கும். அது விடுறதுக்கு முன்னாலயே மாத்திரை உள்ள போயிருக்கணும். வலிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு அம்மைய இருக்க விடாத. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுதேன்.

இன்னொண்ணு, முன்பக்கம் மரத்துக் கெடந்தாலும் முட்டுக்குப் பின்னால குழியில எனக்கு வலி இருந்துச்சு. அதுக்கும் சேர்த்து மருந்து விடுவாங்களான்னு கேட்டு வச்சுக்கோ.

தென்காசி நர்ஸ்:
அக்கா சொல்லுறது சரி. இடுப்பு மடிப்புகிட்ட, ஃபெமோரல் நரம்புக்குப் போட்டா தொடைத் தசை வலுவிழந்து, எந்திரிக்கையில முட்டு மடங்கிரும். அதனால இப்ப தொடை நடுவுல, அடக்டர் கெனால்னு சொல்லுற எடத்துல போடுறது அதிகம். தொடை வலு பெரும்பாலும் அப்படியே நிக்கும். ஆனாலும் பாத்ரூமுக்குத் தனியா விடாதீங்க. சில பேருக்கு மெல்லிசா ஒரு டியூப் வச்சு ரெண்டு மூணு நாள் மருந்து விடுவாங்க.

நரம்பு நிரந்தரமா பாதிக்கிறது ரொம்ப அபூர்வம். பாதத்தத் தூக்க முடியலன்னாலோ, சொன்ன நேரம் தாண்டியும் மரப்பு போகலன்னாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதாங்களா, கிட்னிக் கோளாறு இருக்கா? அத இப்பவே சொல்லிருங்க, அதப் பார்த்துத்தான் வலி மருந்தே முடிவு பண்ணுவாங்க.

முக்கூடல் மகள்:
எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன் அக்கா. அம்மை ஒண்ணுதான் கேட்டா: "ராத்திரி அந்த நர்ஸுப்புள்ள மறந்துட்டா மாத்திரைய யாரு தருவா?" எந்த மாத்திரை எத்தனை மணிக்குன்னு எழுதி வாங்கி, போன்ல அலாரம் வச்சு நானே எழுப்பி விடுதேன்னு சொன்னேன். இப்பத்தான் கண்ணசந்திருக்கா.