பால்வாடி மூன்றரைக்கு, கம்பெனி எட்டு மணிக்கு

கேள்வி:
வணக்கம். திருப்பூரில் இருக்கிறோம், சொந்த ஊர் தேனிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பிரசவத்துக்கு நின்றவள், இன்னும் திரும்பப் போகவில்லை. பாப்பாவுக்கு இரண்டேகால் வயது. பால்வாடியில் சேர்த்தாயிற்று, டீச்சர் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். ஆனால் மூன்றரைக்கெல்லாம் போய்க் கூட்டி வந்துவிட வேண்டும். கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். ஒரு ஷிப்டோடு கிளம்புகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். லைன் நின்றுவிடும், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது வீட்டில், தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறேன். நாள் முழுக்க வெட்டினாலும் நூறு ரூபாய் தாண்டுவதில்லை. ஏழு வருடம் மிஷினில் ஓடிய கை இது, மனசு ஆறவில்லை. மாமியார் ஊரில் ஆடு மாடோடு இருக்கிறார், வரச் சொல்ல முடியாது. சின்னக் குழந்தையோடு திரும்ப வேலைக்குப் போனவர்கள் சொல்லுங்கள், சாயந்திரம் பிள்ளையை எங்கே விட்டீர்கள்?

பதில் 1:
எங்கள் காம்பவுண்டில் ஒரு பாட்டி நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். பால்வாடியிலிருந்து அவரே கூட்டி வந்துவிடுவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஆளுக்கு 400 ரூபாய் கொடுக்கிறோம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் நான்கு பேரும் லீவு.

பதில் 2:
தங்கச்சி, உங்கள் கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர்? 50 பேர் இருந்தாலே குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. ஆண்களையும் சேர்த்துத்தான் இந்த 50. அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். நான் வேலை பார்த்த இடத்திலும் தொட்டில் அறை இருந்தது. பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற கம்பெனிக்காரர்களின் சோதனை, வருகிற அன்றைக்கு மட்டும்தான் திறப்பார்கள். அதனால் தனியாகப் போய்க் கேட்காதே.

கேள்வி கேட்டவர்:
அக்கா, எங்கள் லைனில் மட்டுமே முப்பது பேர் இருப்போம். மொத்தம் எப்படியும் இருநூறு வரும். கீழே ஒரு அறையில் தொட்டில் கொக்கி மாட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே அட்டைப்பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள், அது எதற்கான அறை என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பிள்ளை பெற்று நின்றுபோன டெய்லர்கள் இன்னும் இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கம்பெனி கேட்டில் 'டெய்லர் தேவை' போர்டு ஆறு மாதமாகத் தொங்குகிறது. இன்று ராத்திரி அவர்களிடம் பேசுகிறேன். வந்தால், திங்கட்கிழமை மூன்று பேரும் சேர்ந்தே போய்க் கேட்கிறோம்.