பாடவேலையாக விக்கிப்பீடியாவில் எழுதியவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தாவரவியல் முதுகலை மாணவி, மதுரை:

மூன்றாம் பருவத்தில், வழக்கமான ஒப்படைப்புக்கு மாற்றாக, ஒவ்வொருவரும் ஒரு தாவரத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் அறிவித்தார். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அத்தி வந்தது. அந்தப் பக்கத்தை விரிவாக்க வேண்டும், மதிப்பெண் பதினைந்து.

முதல் வரைவை நான் இரண்டே இரவுகளில் முடித்தேன். ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டு, வந்ததை ஓரளவு திருத்திப் பதிவேற்றினேன். அதில் அத்தி ‘ரோசேல்ஸ் உத்தரவைச் சேர்ந்தது’ என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை; தாவர வகைப்பாட்டு நிலையான ‘order’ என்பதைக் கருவி ‘உத்தரவு’ ஆக்கியிருந்தது. மறுநாள் காலையில் என் கட்டுரை என்னுடைய மணல்தொட்டிக்கு, அதாவது எழுதிப் பழகும் பக்கத்துக்கு, நகர்த்தப்பட்டிருந்தது. உரையாடல் பக்கத்தில், நான் இதுவரை நேரில் பார்த்திராத ஒரு தன்னார்வலர் எனக்கு வணக்கம் சொல்லி, அந்த வகைப்பாட்டு நிலையைக் குறிக்க இங்கே ‘வரிசை’ என்று எழுதுவதே வழக்கம் என்றும், உங்கள் வகுப்பில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை எழுத என்னால் முடியவில்லை. நான் மேனிலைப் பள்ளி வரை தமிழ்வழியில் படித்தவள். பென்தம், ஹூக்கர் வகைப்பாட்டைப் படித்தபோது அந்த நிலையைத் ‘துறை’ என்று எழுதியதும், அதற்கு மேலுள்ள நிலையை ‘வரிசை’ என்று எழுதியதும் நினைவுக்கு வந்தன. கல்லூரிக்கு வந்த ஐந்தாண்டுகளில் அந்தச் சொற்களை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இதையே அவருக்கு எழுதினேன். இருவரும் நான்கு நாள் உரையாடி, பிற தாவரப் பக்கங்களோடு ஒத்திருக்கும்படி ‘வரிசை’ என்றே வைப்பது என்று முடிவு செய்தோம். ஒரு கலைச்சொல்லைப் பற்றி என் கருத்தை ஒருவர் கேட்டது என் படிப்புக் காலத்தில் அதுவே முதல்முறை.

அடுத்த திருத்தம் இன்னும் ஆழமானது. ‘அத்தி பூத்தாற்போல’ என்னும் தொடரை நம்பி, அத்தி அரிதாகவே பூக்கும் என்று எழுதியிருந்தேன். அதற்குச் சான்று கேட்டு வேறொருவர் குறியிட்டார். சான்று தேடியபோதுதான், நாம் காய் என்று நினைப்பதே பூங்கொத்து என்பதும், நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அதன் உட்சுவரில் மறைந்திருப்பதும், ஏட்டில் படித்த செய்தியாக இல்லாமல் உண்மையாக எனக்கு உறைத்தன. கல்லூரி மதிலருகே நின்ற அத்தியில் சில காய்களைப் பறித்து, நெடுக்காக வெட்டி, கைவில்லையால் பார்த்தோம். செரட்டோசோலன் பேரினத்தைச் சேர்ந்த சிறு குளவிகள் உள்ளே இருந்தன. பெண் குளவி நுனியிலுள்ள குறுகிய துளையில் நெருக்கி நுழையும்போது சிறகை இழக்கிறது. உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகிறது. அடுத்த தலைமுறைப் பெண் குளவிகள் புதிய மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வேறொரு காயைத் தேடிப் புறப்படுகின்றன. அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று எங்கள் பாட்டி சொல்வார். பூவை மறைத்த மரபுத்தொடரும் புழுவைக் கண்ட பழமொழியும் ஒரே காய்க்குள் இருந்ததை அன்று கண்டேன்.

ஆனால் கண்ணால் கண்டதை அப்படியே கட்டுரையில் எழுத முடியாது; வெளியான நூலோ ஆய்விதழோ சான்றாக வேண்டும். முதலில் இது எனக்கு வருத்தமாகவே இருந்தது. வாசிப்பவர் என் சொல்லை நம்பத் தேவையில்லாமல் தாமே சரிபார்க்க வழி வேண்டும் என்று அந்தத் தன்னார்வலர் பொறுமையாக விளக்கினார். சங்க இலக்கியத்திலும் அத்தி உண்டு என்று பொதுப்படையாக எழுதியிருந்த வரிக்கும் அவர் பாடல் எண் கேட்டார். ஆற்றங்கரை அதவத்தின் (அத்தியின் பழைய பெயர்) பழத்தை நண்டுகள் மிதிப்பதைச் சொல்லும் குறுந்தொகை 24ஆம் பாடலை உரையோடு படித்த பிறகே அந்த வரி நிலைபெற்றது. நூலகத்தில் அதைத் தேடிய நாளில், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தையும் முதன்முறையாகக் கையில் எடுத்துப் புரட்டினேன். எனக்கு முன்னே அறிவியலைத் தமிழில் எழுத அத்தனை பேர் உழைத்திருப்பதை ஐந்தாண்டுகளாக அறியாமல் அதே கட்டடத்தில் இருந்திருக்கிறேன்.

வெட்டிய காயின் படத்தைப் பிறரும் பயன்படுத்த இடமளிக்கும் படைப்பாக்கப் பொதுமங்கள் (Creative Commons) உரிமத்தில், விக்கிப்பீடியாக்களுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். சில வாரங்களில் அதை மலையாளப் பக்கம் ஒன்றிலும் யாரோ சேர்த்திருந்தார்கள்.

பொதுச் சுகாதார மாணவி, ரொறன்ரோ:

என் ஒப்படை ஆங்கில விக்கிப்பீடியாவில் அமைந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்கலைக்கழக வகுப்புகளுக்கு உதவும் விக்கி எடியூகேஷன் அமைப்பின் பயிற்சிப் பகுதிகளை முடித்த பின்னரே எங்களைத் தொகுக்க விட்டார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகை பற்றிய ஒரு பகுதியை நான் எடுத்துக்கொண்டேன்.

புதிதாக வெளிவந்த ஒரே ஓர் ஆய்வை வைத்து, மூன்று வாக்கியங்களைச் சேர்த்தேன். பதினொரு நிமிடத்தில் அவை மீளமைக்கப்பட்டன, அதாவது நீக்கப்பட்டுப் பக்கம் பழையபடி ஆக்கப்பட்டது. நோய், மருந்து தொடர்பான கூற்றுகளுக்குத் தனி ஆய்வுகள் போதாது, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் மீளாய்வுக் கட்டுரைகளோ மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டிகளோ வேண்டும் என்று மீளமைத்தவர் குறிப்பெழுதியிருந்தார். விரிவுரையாளர் ஏற்கனவே சொல்லியிருந்த விதிதான் அது. எனினும் என் எழுத்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் நீக்கப்பட்டிருந்ததைக் கண்டு அன்றிரவு அழுதேன்.

இரண்டு வாரம் தேடி ஒரு மீளாய்வைக் கண்டேன். நான் நம்பிய ஆய்வு அதிலும் இடம்பெற்றிருந்தது. அதில் பங்கேற்றோர் மிகச் சிலர், முடிவு உறுதியற்றது என்று மதிப்பிட்டிருந்தார்கள். என் மூன்று வாக்கியங்களும் நிலைத்திருந்தால் எத்தனை பேர் அவற்றை நம்பியிருப்பார்கள் என்று எண்ணியபோது, நீக்கியவர் மீது இருந்த கோபம் நன்றியாக மாறியது. நன்றியை எழுதியும் விட்டேன்.

இறுதியில் நிலைத்தது, தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பதைப் பற்றிய சிறிய பத்தி. ஸ்காபரோவில் இருக்கும் என் அம்மா பல ஆண்டுகளாக இரும்புச்சத்து மாத்திரையைக் காலைத் தேநீரோடுதான் விழுங்கிவந்தார். அந்தப் பத்தியை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இப்போது மாத்திரைக்குப் பின் தேநீருக்காக இரண்டு மணிநேரம் காத்திருக்கிறார்.

கல்லூரி ஆசிரியை, கோவை:

நான் இதை மறுபக்கத்திலிருந்து, மதிப்பெண் இட்டவளாக எழுதுகிறேன். முதலாண்டில் ஒவ்வொரு மாணவரும் பத்துக் கட்டுரைகள் எழுத வேண்டும் என்று கட்டளையிட்டேன். நாற்பது பேர் ஒரே ஆய்வகத்தில் அமர்ந்ததும், ஒரே இணைய முகவரியிலிருந்து நாளொன்றுக்கு ஆறு புதிய கணக்குகளையே தொடங்க முடியும் என்பதை அறிந்தோம். அந்தப் பாடவேளை அதோடு போயிற்று. அதன் பிறகு நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது: நான்கு வரிக் குறுங்கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன, அவற்றுள் பல, பிற இணையத்தளங்களிலிருந்து சொல் மாறாமல் எடுக்கப்பட்டவை. ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்கள் இரவிரவாக அவற்றைத் துப்புரவு செய்துவிட்டு, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் என் வகுப்பைக் குறிப்பிட்டு வேதனையோடு எழுதினார்கள். மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எண்ணிக்கையைக் கேட்டவள் நான். அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

பிறகுதான் எனக்கு முன்பே நடந்தவற்றைப் படித்தேன். 2011இல் புனேயின் சில கல்லூரிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களோடு விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை மேற்கொண்ட முன்னோட்டத் திட்டம், பகர்த்து எழுதிய பகுதிகள் பெருகியதால் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்பு, 2008இல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பீஸ்லி-மர்ரி தம் இலத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பை ஒரு டசன் கட்டுரைகளில் மட்டும் குழுக்களாக ஈடுபடுத்தினார். பருவ முடிவில் அவற்றுள் மூன்று, ஆங்கில விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த தரமான ‘சிறப்புக் கட்டுரை’ நிலையை எட்டின. அனுபவமிக்க பங்களிப்பாளர்கள் வரிவரியாகத் திருத்தம் கேட்க, மாணவர்கள் மீண்டும் மீண்டும் எழுதியதன் பயன் அது. எண்ணிக்கையை விட்டுத் திருத்தத்தை மதிப்பிட வேண்டும் என்று அப்போது புரிந்துகொண்டேன்.

இப்போது பருவத்துக்கு ஒரே கட்டுரை. பாதி மதிப்பெண், உரையாடல் பக்கத்தில் வந்த கேள்விகளுக்கு மாணவர் என்ன செய்தார் என்பதற்கு உரியது. கணக்குகளை இரண்டு வாரம் முன்பே வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைத் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். வரும் திங்களன்று புதிய வகுப்பு தொடங்குகிறது. ஒரு கட்டுரை எப்படி வளர்கிறது என்பதை, உங்கள் அத்திப் பக்கத்தின் வரலாற்றைத் திரையில் இட்டுக் காட்ட விரும்புகிறேன். பொதுவில் இருப்பதுதான் என்றாலும், உங்கள் ஒப்புதல் இல்லாமல் முதல் வரைவைப் பிறருக்குக் காட்ட மனம் வரவில்லை.

தாவரவியல் முதுகலை மாணவி, மதுரை:

தாராளமாகக் காட்டுங்கள், அம்மா. ‘உத்தரவு’ என்று இருக்கும் பதிப்பிலிருந்தே தொடங்குங்கள். அந்தத் தன்னார்வலர் எனக்கு எழுதிய முதல் கேள்வியையும் தவறாமல் வாசித்துக் காட்டுங்கள்.