ரிமோட் டெஸ்க்டாப் சரியாக 60 நிமிடத்தில் கட் ஆகிறது, திரும்ப நுழைந்தால் பழைய பில் பூட்டிக்கிடக்கிறது

கல்லாப்பெட்டி:
வணக்கம். மொத்த ஜவுளி வியாபாரம். மெயின் ஆபீசில் விண்டோஸ் சர்வர் 2019. டொமைன் (எல்லா யூசரையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது, ஒர்க்குரூப்தான் (கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தனித்தனி யூசர்). பில்லிங் சாஃப்ட்வேர் சர்வரில் மட்டும் இருக்கிறது. இரண்டு கிளையிலிருந்து 9 பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து பில் போடுகிறார்கள். முதல் நான்கு மாதம் ஓடியது. இப்போது லாகின் ஆனதுமே "லைசென்சில் பிரச்சினை, 60 நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஒரு பெட்டி வருகிறது, சொன்னபடியே துண்டிக்கிறது. 10 பெர் யூசர் கேல் (ஆளுக்கு ஒன்று என்ற ரிமோட் டெஸ்க்டாப் உரிமம்) வாங்கி ஏற்றி, ஆக்டிவேட்டும் செய்தாகிவிட்டது.

இன்னும் இரண்டு தொல்லை. நெட் போய்த் திரும்ப நுழைந்தால் சாஃப்ட்வேர் புதிதாகத் திறக்கிறது. பாதியில் நின்ற பில்லைத் தொட்டால் வேறொருவர் திறந்திருக்கிறார் என்கிறது. கிளைக்கு ஒரே விண்டோஸ் யூசர்தான் வைத்திருக்கிறோம். அடுத்து, கிளையில் இருக்கும் 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் எழுத்து மங்கலாக வருகிறது, பேப்பர் வெட்டுவதில்லை, தினமும் காலையில் பிரிண்டரைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டிருக்கிறோம்.

சர்வர்மேடு:
முதல் நான்கு மாதம் ஓடியது லைசென்ஸ் இல்லாமலே விடும் 120 நாள் சலுகைக் காலத்தால். அது முடிந்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது. நீங்கள் வாங்கிய கேல் போலி இல்லை, வகைதான் தவறு. பெர் யூசர் கேலுக்கு ஆக்டிவ் டைரக்டரி, அதாவது டொமைன் வேண்டும். 2016 வரை ஒர்க்குரூப்பிலும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். 2019இல்தான் இந்த 60 நிமிட வெட்டு வந்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்து அமைத்தவர்கள் பலரும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஒர்க்குரூப்பிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் பெர் டிவைஸ் (கருவிக்கு ஒன்று) கேல் வேண்டும். ஆர்டி (ரிமோட் டெஸ்க்டாப்) லைசென்சிங் மேனேஜரில் சர்வர் பெயர்மேல் ரைட் கிளிக் செய்தால் கன்வர்ட் லைசென்சஸ் இருக்கும். உங்கள் உரிம ஒப்பந்தம் அனுமதித்தால் அங்கேயே மாற்றலாம், இல்லையென்றால் விற்றவரிடம் பேசுங்கள். பிறகு குரூப் பாலிசியில் (விண்டோஸ் விதிகளை அமைக்கும் இடம்) ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், அதன்கீழ் லைசென்சிங். அங்கே இரண்டு இடம் நிரப்ப வேண்டும்: லைசென்ஸ் சர்வரின் பெயர், லைசென்சிங் மோட். மோடை மாற்றாமல் கேலை மட்டும் மாற்றினால் எதுவும் நடக்காது. சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஆர்டி லைசென்சிங் டயக்னோசரைத் திறந்து பாருங்கள், மஞ்சள் எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கல்லாப்பெட்டி:
நன்றி சார். முதலாளி போனிலிருந்தும் வீட்டு லேப்டாப்பிலிருந்தும் பார்ப்பார். அதற்கும் கேல் போகுமா?

சர்வர்மேடு:
போகும். ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று. முதல் முறை நுழையும்போது 90 நாள் தற்காலிக லைசென்ஸ், அடுத்த முறை நிரந்தரமானது. நிரந்தரம் என்றாலும் 52 முதல் 89 நாளுக்குள் காலாவதியாகும். கருவி தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால் இன்னொரு கேலைத் தின்னும். பழையதை மேனேஜரில் ரிவோக் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் ஒரே நேரத்தில் மொத்தத்தில் 20 சதவீதம் வரைதான். 10 கேல் என்றால் இரண்டு. அதனால் கருவிகளை எண்ணிவிட்டு, கையில் ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு_லாக்:
பில் பூட்டிக்கொள்வதற்குக் காரணம் அந்த ஒரே யூசர்தான். ஒரு யூசருக்கு ஒரே செஷன் (சர்வரில் திறந்திருக்கும் லாகின்) என்ற பாலிசி இயல்பாக ஆனில் இருக்கும். அது இருந்தால் இரண்டாமவர் நுழைந்ததும் முதலாமவர் வெளியே தள்ளப்படுவார். அதற்காக யாரோ அதை டிசேபிள் செய்திருப்பார்கள். இப்போது நெட் போனால் சர்வருக்கு அது உடனே தெரியாது, பழைய செஷன் ஆக்டிவ் என்றே நிற்கும். திரும்ப வருபவருக்குப் புது செஷன் கிடைக்கும். பழைய செஷனில் திறந்திருக்கும் பில் அங்கேயே பூட்டிக்கிடக்கும். டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் டேபைப் பாருங்கள், ஒரே பெயர் நான்கைந்து தடவை நிற்கும்.

ஆளுக்கு ஒரு விண்டோஸ் யூசர் போடுங்கள். கேல் பெர் டிவைஸ் ஆனபின் யூசர் எத்தனை இருந்தாலும் கேல் செலவு ஏறாது. கனெக்‌ஷன்ஸ் பகுதியில் ஒரே செஷன் பாலிசியை எனேபிள் செய்து, கீப் அலைவ் (இணைப்பு இருக்கிறதா என்று சர்வர் சோதிப்பது) இடைவெளியை 1 நிமிடம் வையுங்கள். செஷன் டைம் லிமிட்ஸில் டிஸ்கனெக்டட் செஷனுக்கு 2 மணி நேரம். நெட் திரும்பியதும் அதே பில், அதே வரியில் கர்சர் நிற்கும். இந்த நேரத்தை 5 நிமிடம் என்று வைத்துவிடாதீர்கள். நேரம் முடிந்ததும் விண்டோஸ் சாஃப்ட்வேரைக் கேட்காமல் மூடிவிடும்; சேமிக்காத பில் போகும், சில சாஃப்ட்வேரில் டேட்டா ஃபைலே கெடும்.

மாலையில் ஊழியர்கள் ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்திப் போனால் அது லாக் ஆஃப் இல்லை, டிஸ்கனெக்ட். ஸ்டார்ட் மெனுவில் சைன் அவுட் செய்யப் பழக்குங்கள். இரவு பேக்கப் ஓடும்போது ஃபைல் திறந்திருக்கக் கூடாது.

ரிப்பன்காரன்:
பிரிண்டருக்கு வருகிறேன். மங்கலுக்குக் காரணம் ஈசி பிரிண்ட், ரிமோட் டெஸ்க்டாப்பின் பொது பிரிண்டர் டிரைவர். அது பில்லைப் பொதுவான பக்க வடிவமாக்கி அனுப்புகிறது, பிரிண்டரின் சொந்த எழுத்துரு பயன்படாது, வெட்டும் கட்டளையும் வழியில் தொலைந்துவிடும். காலையில் தேர்ந்தெடுக்கச் சொல்வது வேறு: ரிமோட்டில் வரும் பிரிண்டர் பெயரின் கடைசியில் "ரீடைரக்டட் 3" என்று செஷன் எண் ஒட்டியிருக்கும். மறுநாள் அது 7 ஆகிவிடும், உங்கள் சாஃப்ட்வேர் 3ஐத் தேடும்.

பிரிண்டரில் லேன் போர்ட் இருந்தால் இந்த வழியையே விட்டுவிடுங்கள். கிளை ரவுட்டருக்கும் ஆபீஸ் ரவுட்டருக்கும் விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனி இணைப்பு) போட்டு, பிரிண்டருக்கு நிலையான ஐபி கொடுத்து, சர்வரிலேயே 9100 போர்ட்டில் நேரடி பிரிண்டராகச் சேர்த்துவிடுங்கள். பெயர் மாறாது, கட்டரும் வேலை செய்யும். யுஎஸ்பி மட்டும்தான் என்றால், கிளைக் கம்ப்யூட்டரில் உள்ள அதே பெயர் டிரைவரை சர்வரிலும் ஏற்றி, ஈசி பிரிண்டை முதலில் பயன்படுத்து என்ற பாலிசியை டிசேபிள் செய்யுங்கள். சாஃப்ட்வேரில் பிரிண்டர் பெயருக்குப் பதில் டீஃபால்ட் பிரிண்டர் என்று வையுங்கள்.

நள்ளிரவு_லாக்:
விபிஎன் எப்படியும் வேண்டும். 3389ஐ இன்றைக்கே மூடுங்கள், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால். ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்து 4625ஐ (தோற்ற லாகின் முயற்சியின் எண்) வடிகட்டிப் பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட் என்று யாரோ பாஸ்வேர்டை முயன்றுகொண்டே இருப்பது வரிசையாகத் தெரியும். போர்ட் எண்ணை மாற்றி வைப்பதால் பயனில்லை, ஸ்கேன் செய்பவர்கள் அதையும் கண்டுபிடிப்பார்கள்.

விபிஎன்னுக்கு வயர்கார்ட் என்ற சாஃப்ட்வேர் போதும், வெளியே ஒரே ஒரு யுடிபி போர்ட். போட்டபின் லாகின் ஆனதும் கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் எம்டியு (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா துண்டின் அதிகபட்ச அளவு) பிரச்சினை. வழக்கமான 1420ஐ 1380 ஆக்கிப் பாருங்கள். அப்படியும் இடையிடையே உறைந்தால் கிளைக் கம்ப்யூட்டர்களில் ரிமோட் டெஸ்க்டாப்பின் யுடிபியை பாலிசியில் அணைத்துவிடுங்கள். பில்லிங் திரைக்கு டிசிபி தாராளம்.

கல்லாப்பெட்டி:
3389ஐ மூடியாயிற்று. 4625 நேற்று ஒரு நாளில் மட்டும் பக்கம் பக்கமாகப் போகிறது. கேல் மாற்றத்துக்கு விற்றவரிடம் சொல்லியிருக்கிறேன். தெர்மல் பிரிண்டரின் பின்பக்கம் பார்த்தேன், லேன் போர்ட் இருக்கிறது, மூடி போட்டு மறைத்திருக்கிறது.