ஹெட்லைற் போட்டதும் ஏறும் ஊசி: 1976 மினி கிளப்மன்

கிளிநொச்சி மினி:
அப்பா வைத்திருந்த 1976 மினி கிளப்மன் இப்போது என்னிடம் இருக்கிறது. படிப்பிப்பது கிளிநொச்சியில், வீடு சுன்னாகத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஏ9 வழியாக வீட்டுக்கு வருவேன். பகலில் ஹீற் மீற்றர் ஊசி நடுவில் அசையாமல் நிற்கும். இருட்டி ஹெட்லைற் போட்டால் 'எச்' எழுத்துக்குக் கிட்டப் போய்விடுகிறது. லைற்றை அணைத்தால் இறங்குகிறது. தண்ணீர் குறையவில்லை, ஆவியும் வரவில்லை. ஒரு கராஜில் காட்டினேன், எஞ்சின் தலையில் இருந்து சூட்டை மீற்றருக்குச் சொல்கிற செண்டர் யுனிற்றை மாற்றினார்கள். மாற்றிய பிறகும் அதே கதைதான். மீற்றர் பிழையா, எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா? அப்பாவின் கார் என்பதால் பயமாக இருக்கிறது.

பழைய கராஜ்:
பிள்ளை, ஊசி ஏறினால் முதலில் காரை ஓரம் கட்டுங்கள். மீற்றர் பிழை என்று நினைத்து ஓடி, எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் காஸ்கெற் 2ஆம் 3ஆம் சிலிண்டருக்கு நடுவில் எரிந்துபோய் வந்த மினிகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். இந்த எஞ்சினில் அந்த இடந்தான் மெலிவு.

மினியில் றேடியேற்றர் முன்னுக்கு இல்லை, பக்கவாட்டில் சில்லுப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. முகத்தில் அடிக்கும் காற்று அதற்குக் கிடையாது, விசிறியை நம்பித்தான் இருக்கிறது. அந்த விசிறி, தண்ணீர்ப் பம்ப், கரண்ட் தருகிற அல்ரனேற்றர் மூன்றையும் ஒரே பெல்ற் சுற்றுகிறது. ஹெட்லைற் போட்டால் அல்ரனேற்றருக்குப் பாரம் கூடும். பெல்ற் தளர்ந்திருந்தால் வழுக்கும், பம்ப் மெதுவாகும், தண்ணீர் சூடாகும். லைற் போட்டால்தான் ஏறுகிறது என்பதற்கு இதுவே போதிய காரணம். பெல்ற்றைப் பாருங்கள். றேடியேற்றரின் பின்பக்கச் சேற்றையும் கழுவுங்கள்.

கொக்குவில் வயரிங்:
அண்ணை சொல்வதில் பெல்ற் விஷயம் நியாயம். ஆனால் பெல்ற் அவ்வளவு வழுக்கினால் கீச்சென்று சத்தம் வரும், சார்ஜ் லைற்றும் மினுங்கும். அப்புறம், லைற்றை அணைத்ததும் ஊசி இறங்குகிறது என்கிறார். எஞ்சினுக்குள் நிற்கிற தண்ணீர் அவ்வளவு கெதியாகக் குளிராது.

எனக்கு ஒரு கேள்விதான். ஹெட்லைற் போடும்போது பெற்றோல் மீற்றரின் ஊசி என்ன செய்கிறது? ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றும் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மொறிஸ் 1000:
கேட்கவே தேவையில்லை, ஸ்ரெபிலைசர் போய்விட்டது. மீற்றருக்குப் பின்னால் தீப்பெட்டியிலும் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். பற்றரியில் என்ன வோல்ற் வந்தாலும் இரண்டு ஊசிக்கும் சராசரி 10 வோல்ற் கொடுப்பது அதன் வேலை. உள்ளே சூடாகி வளைகிற ஒரு தகடும் ஒரு தொடுபுள்ளியும் மட்டும்தான், ஐம்பது வருடம் உழைக்காது. கழற்றி எறிந்துவிட்டு, அதே 10 வோல்ற்றைக் கொடுக்கிற 7810 ஐசி ஒன்று போடுங்கள். பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் பொடியோடு (தகட்டு உடலோடு) இணைந்த பொசிற்றிவ் எர்த் கார் என்றால் 7910. உங்களுடைய 76 மொடல் நெகற்றிவ் எர்த், ஆகவே 7810.

கிளிநொச்சி மினி:
இன்று முற்றத்தில் காரை ஸ்ராட் பண்ணி வைத்துப் பார்த்தேன். லைற் போட்டு 20 செக்கனில் ஊசி ஏறிவிட்டது. அணைத்தால் அதே அளவு நேரத்தில் இறங்குகிறது.

பெற்றோல் ஊசியை இதுவரை நான் கவனித்ததே இல்லை. அதுவும் ஏறுகிறது! கால் ராங்கில் நின்றது அரைக்குக் கிட்டப் போகிறது. பெல்ற் சத்தம் எதுவும் இல்லை.

கொக்குவில் வயரிங்:
அப்படியென்றால் எஞ்சினை விடுங்கள். லைற் போட்டு ராங்கில் பெற்றோல் கூடாது. இரண்டு ஊசியும் ஒன்றாக ஏறினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் பிழை. பொதுவாக இருப்பவை இரண்டு: ஸ்ரெபிலைசர், அது நிற்கிற எர்த்.

மொறிஸ் தம்பி, ஸ்ரெபிலைசர் செத்திருந்தால் பகலிலும் ஊசி பிழையாகத்தான் நிற்கும். அதற்கு இரவு பகல் தெரியாது. இரவில் புதிதாக வருவது மீற்றர்ப் பெட்டிக்குள் எரிகிற சின்னப் பல்ப்கள். அவற்றின் கரண்டும் ஸ்ரெபிலைசரின் கரண்டும் ஒரே கறுப்பு வயரால் பொடிக்குப் போகின்றன. அந்த வயர் பொடியைத் தொடும் இடம் கறள் பிடித்திருந்தால் பகலில் ஒன்றும் தெரியாது. பல்ப் எரிந்ததும் முக்கால் அம்பியர் போல ஓடும். 3 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ற் அங்கே தங்கிவிடும்.

அதனால் என்ன நடக்கிறது? எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற் வருகிறது. ஸ்ரெபிலைசர் தன் எர்த்திலிருந்து அளக்கிறது, அந்த எர்த்தே 2 வோல்ற் மேலே நிற்கிறது. ஆகவே தனக்கு 12தான் வருகிறது என்று நம்பி, தொடுபுள்ளியைக் கூடிய நேரம் மூடி வைத்திருக்கும். ஊசிகளின் கரண்ட் செண்டர் வழியாக எஞ்சினுக்கும் ராங்குக்கும் போகிறது, அங்கே எர்த் நல்லது. அவற்றுக்கு முழு 14ம் கிடைக்கும். ஊசியை நகர்த்துவது சூடு. சூடு வோல்ற்றின் வர்க்கத்தோடு கூடும். 14ஐ 12ஆல் பிரித்து வர்க்கம் எடுங்கள், 1.36. நடுவில் நிற்கவேண்டிய ஊசி எச் பக்கம் போக அது போதும்.

மல்ரிமீற்றரை 20 வோல்ற் டிசியில் வைத்து ஒரு முனையை மீற்றரின் கறுப்பு வயர் ரெமினலிலும் மற்றதைப் பெயின்ற் இல்லாத பொடித் தகட்டிலும் பிடியுங்கள். கதவுப் பிணைச்சல் போல்ற் நல்ல இடம். லைற் போட்டும் போடாமலும் பாருங்கள்.

மொறிஸ் 1000:
எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான எர்த் பட்டியாகவும் இருக்கலாமே? மினியில் அதுதான் அடிக்கடி போகும். பட்டி சரியில்லை என்றால் ஸ்ராட் பண்ணும்போது கரண்ட் சோக் கேபிளால் போய், கேபிள் கை வைக்க முடியாமல் சூடாகும்.

கொக்குவில் வயரிங்:
பட்டி கெட்டால் ஹீற் ஊசி மட்டும்தான் கொஞ்சம் ஏறும். பெற்றோல் செண்டர் பின்னால் ராங்கில், பொடி எர்த்தில் நிற்கிறது, அதற்கும் எஞ்சின் பட்டிக்கும் தொடர்பில்லை. அதோடு ஊசி இவ்வளவு தூரம் போகிற அளவுக்குப் பட்டி கெட்டிருந்தால் ஸ்ராட்டர் ஒழுங்காகச் சுற்றவே சுற்றாது.

பழைய கராஜ்:
கணக்கு எல்லாம் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை இரவில் ஏ9இல் தனியாக ஓடுகிற கார் இது. வயரில் ஒரு பிழை இருப்பதால் எஞ்சின் நல்லது என்று ஆகிவிடாது. இரண்டு பிழையும் ஒன்றாக இருந்த கார்களை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து, ஒரு தெர்மோமீற்றரைத் தண்ணீரில் விட்டு, பிறகு ஸ்ராட் பண்ணுங்கள். சூடான பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. லைற் போட்டு இருபது நிமிடம் ஓடவிட்டு எத்தனை என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்த வயரையும் தொடலாம்.

கொக்குவில் வயரிங்:
வோல்ற் பார்க்க ஐந்து நிமிடம் போதும் அண்ணை. அதற்காக இருபது நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை.

பழைய கராஜ்:
ஹெட் இறக்கி ஏற்ற மூன்று நாள் போகும் தம்பி.

கிளிநொச்சி மினி:
இரண்டையும் செய்தேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், ஆய்வுகூடத் தெர்மோமீற்றர் ஒன்று கைவசம் இருந்தது. லைற் போட்டு இருபது நிமிடம் ஓடிய பிறகு தண்ணீர் 84 பாகை. ஊசி அப்போது எச்சைத் தொடாத குறை. எஞ்சினில் இருப்பது 82 பாகையில் திறக்கிற தெர்மோஸ்ரற், ஆகவே தண்ணீர் சரியான சூட்டில்தான் இருக்கிறது.

பிறகு மல்ரிமீற்றர். லைற் இல்லாமல் 0.2 வோல்ற். லைற் போட்டதும் 2.1. எண் துள்ளி ஏறியதைப் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு ஸ்குறூவில் முடிகிறது. கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் வெள்ளைப் பெயின்ற். ஸ்குறூவின் புரி மட்டும்தான் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதுவும் மண்ணிறக் கறள். அப்பா 2015இல் காருக்கு முழுப் பெயின்ற் அடிப்பித்தார், அப்போது மீற்றர்ப் பெட்டியைக் கழற்றியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெறுந்தகடு மினுங்கும்வரை சுரண்டி, வளையத்தையும் சுரண்டி, புது ஸ்குறூ போட்டு மேலே கிரீஸ் பூசினேன். இப்போது லைற் போட்டால் 0.02. இரண்டு ஊசியும் அசையவில்லை.

இன்னொன்றும் விளங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் இரவு கொடிகாமத்துக்குக் கிட்டப் பெற்றோல் முடிந்து நின்றேன். ராங்கில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று ஊசி காட்டிக்கொண்டிருந்தது. ராங்கே 25 லீற்றர்தான். பெற்றோலை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடக் காவலாளி மேல் சந்தேகப்பட்டேன். திங்கட்கிழமை அவரிடம் போய்க் கதைக்க வேண்டும்.

மொறிஸ் 1000:
சந்தோஷம். ஆனாலும் 7810 ஒன்று வாங்கி வையுங்கள்.

கொக்குவில் வயரிங்:
7810 போட்டிருந்தாலும் அந்தப் பெயின்ற்றுக்கு மேல்தான் எர்த் நின்றிருக்கும், அதே 2 வோல்ற்தான். பழையது வேலை செய்கிறது, விடுங்கள்.

பழைய கராஜ்:
84 என்று கேட்டதும் எனக்கு நிம்மதி. செண்டர் யுனிற்றை மாற்றினவர்கள் பெற்றோல் ஊசியைப் பார்க்காமல் மாற்றியிருக்கிறார்கள். நானும்தான் அதைக் கேட்கவில்லை, கொக்குவில் தம்பிதான் கேட்டார். பெல்ற்றைப் பார்த்தீர்களா?

கிளிநொச்சி மினி:
பார்த்தேன் அண்ணை. நடுவில் அழுத்தினால் ஒரு அங்குலம் இறங்குகிறது.

பழைய கராஜ்:
கூட. அரை அங்குலம்தான் இறங்க வேண்டும். அல்ரனேற்றரின் மேல் போல்ற்றுகளையும் கீழே சரிசெய்கிற பட்டியின் போல்ற்றையும் தளர்த்தி, வெளியே இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். நெம்புவதென்றால் மரக்கட்டையால், பெல்ற் ஓடுகிற கப்பி (புல்லி) இருக்கிற முன்பக்க மூடியில் மட்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் செய்துவிடுங்கள்.