பில்ட் எல்லாம் பச்சை, ஆனால் உள்ளே பழைய நூலகம்: ஒன்றையொன்று நம்பியிருக்கும் திட்டங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பரந்தன்மகள்:

வணக்கம். கிளிநொச்சியில் மூன்று பேராக நெல் கொள்வனவுக்கான மென்பொருள் செய்கிறோம். அடியில் 'பொது' என்றொரு நூலகம், அதாவது மற்றத் திட்டங்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல். அதன் மேல் 'கழிவு': ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் மூடைக்கு எவ்வளவு நிறை கழிப்பது என்று கணக்கிடுவது. கமக்காரரின் கையில் கொடுக்கும் நிறைச் சீட்டை அச்சிடுவது 'சீட்டு'. அதற்கு மற்ற இரண்டும் வேண்டும். எல்லாவற்றையும் பில்ட் செய்வது மேவன்: நிரலைத் தொகுத்து, வேண்டிய நூலகங்களை எடுத்துச் சேர்க்கும் கருவி. பதிப்புகள் எல்லாம் ஸ்னாப்ஷொட், அதாவது எண் மாறாமலே உள்ளே மாறிக்கொண்டிருக்கும் இடைக்காலப் பதிப்பு. பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. சரியாக முடிந்தால் பச்சை, தோற்றால் சிவப்பு. ஒன்று முடிந்ததும் அதை நம்பியிருப்பவற்றை எழுப்பும்.

முன்பு மூன்றும் ஒரே கணினியில் ஓடின. 'பொது'வில் ஒரு வரி மாறினாலே 'கழிவு'ம் 'சீட்டு'ம் ஒன்றாகக் கிளம்பும். 'சீட்டு' புதிய பொதுவையும் பழைய கழிவையும் எடுத்துச் சிவப்பாகும். 'கழிவு' முடிந்தபின் மறுபடி ஓடிப் பச்சையாகும். போன மாதம் 'சீட்டை' மட்டும் வவுனியாவில் உள்ள கணினிக்கு மாற்றி, பில்டான கோப்புகளைச் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் நெக்சஸை நடுவில் வைத்தோம். தோல்வி மடல்கள் நின்றுவிட்டன. நிம்மதி என்று நினைத்தோம்.

போன கிழமை கழிவு விதியைத் திருத்தினேன். எல்லாம் பச்சை. அன்றைக்கே நெல் வாங்கும் களஞ்சியத்துக்கு அனுப்பினோம். அடுத்த நாள் ஒரு ஐயா, அறிவித்த புதிய கழிவின்படி தன் கொப்பியில் பேனையால் கூட்டி வைத்திருந்த கணக்கைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "பிள்ளை, இது பிழை" என்றார். அவருடைய கணக்குத்தான் சரி. அச்சானது பழைய விதி. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இது எப்படி நடந்தது?

மாங்குளத்தான்:

தங்கச்சி, மடல்கள் நின்றதுதான் நோயின் அறிகுறி. நெக்சஸ் போலத் தொலைவிலிருக்கும் சேமிப்பில் புதிய ஸ்னாப்ஷொட் வந்திருக்கிறதா என்று மேவன் வழக்கமாக நாளுக்கு ஒரு தடவைதான் பார்க்கும். அதுவரை தன் கணினியில் ஏற்கெனவே இறக்கி வைத்ததையே எடுக்கும். வவுனியாக் கணினி பழைய பொதுவையும் பழைய கழிவையும் சேர்த்திருக்கிறது. இரண்டும் பழையவை என்பதால் ஒன்றோடொன்று பொருந்தி, பச்சை காட்டியிருக்கிறது. ஸ்னாப்ஷொட்டுகளைக் கட்டாயமாகப் புதுப்பிக்கும் தெரிவைக் கட்டளையில் சேருங்கள். ஜென்கின்ஸில் ஜார் கோப்புகளுக்கு (பில்டில் கிடைக்கும் கோப்புகள்) கைரேகை, அதாவது ஒவ்வொரு கோப்பையும் தனித்து அடையாளம் காட்டும் குறி, பதியும் வசதியும் இருக்கிறது. எந்தச் சீட்டுக்குள் எந்தக் கழிவு போனது என்று அதிலேயே பார்க்கலாம்.

பரந்தன்மகள்:

நன்றி அண்ணா, சேர்த்துவிட்டேன். இப்போது புதியது வருகிறது. ஆனால் பழைய சிவப்பும் திரும்பி வந்துவிட்டது.

நெடுங்கேணி அக்கா:

வரத்தான் செய்யும். ஒழுங்கு இன்னும் சரியாகவில்லையே. 'சீட்டு' வேலையின் அமைப்பில், இது நம்பியிருக்கும் வேலை ஓடும்போது இதை நிறுத்திவை என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் 'கழிவு' முடியும்வரை 'சீட்டு' வரிசையில் நிற்கும். இரண்டாவது அழைப்பும் அதோடு சேர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், மூன்றும் ஒன்றாகவே வெளியாவதானால் பிரித்து வைத்ததே தேவையில்லாத வேலை. ஒரு தாய்த் திட்டத்தின் கீழ் மூன்றையும் வையுங்கள். எதற்கு எது வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வைத்து மேவனே வரிசையைப் போட்டுக்கொள்ளும். பொது, கழிவு, சீட்டு என்று ஒரே ஓட்டத்தில் முடியும். இடையில் நெக்சஸைக் கேட்கவே தேவையில்லை. ஒன்று மற்றொன்றைச் சுற்றி நம்பியிருந்தால் தொடங்கும்போதே மறுத்துவிடும்.

மாங்குளத்தான்:

அக்கா சொல்வது சரி. ஆனால் வேறு ஒருவர் வேறு காலத்தில் வெளியிடும் திட்டம் இருந்தால் அதை உள்ளே இழுக்காதீர்கள். அதற்கு ஸ்னாப்ஷொட் கொடுக்காமல் எண்ணிட்ட நிலையான பதிப்பைக் கொடுங்கள்.

பரந்தன்மகள்:

மூன்றையும் நேற்று இரவு ஒன்றாக்கினேன். 'பொது'வில் ஒரு வரியை மாற்றி விட்டேன். 'சீட்டு' ஒரே ஒரு தடவைதான் ஓடியது. வேறாக வெளியாகும் எங்கள் கைப்பேசிச் செயலியை அண்ணா சொன்னபடி வெளியே, எண்ணிட்ட பதிப்போடு விட்டிருக்கிறேன். ஐயாவின் கொப்பியில் இருந்த அந்த நிறையை அவரிடம் கேட்டு வாங்கி 'கழிவு'க்கு ஒரு சோதனையாக எழுதிவிட்டேன். திருத்திய சீட்டை நாளை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.