கொச்சியில் சூரிய அஸ்தமனம் பார்க்கத் தனிப் படகு: 14 பேர், முட்டி வலிப் பாட்டியும் உண்டு. எப்படி ஏற்பாடு செய்வது?

நூல்கண்டு:

வணக்கம் மக்களே. அப்பா அம்மாவுக்கு வருகிற தை மாதம் நாற்பதாவது கல்யாண நாள். மண்டபம், பத்திரிகை என்று எதையும் ஆரம்பிக்காதே என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை, படகில் உட்கார்ந்து கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமாம். திருப்பூரில் இருந்து கிட்டத்தில் போய்வருகிற மாதிரி என்றால் கொச்சிதான், அதனால் பொங்கல் லீவில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். மொத்தம் 14 பேர், அதில் மூன்று வாண்டுகள், அப்புறம் 78 வயதுப் பாட்டி. படி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொள்வார், ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அதைவிடப் பெரிய வலி எங்களுக்கு.

ஒரு புரோக்கர் நம்பர் கிடைத்து பேசினேன். "சன்செட் ட்ரிப், 5.30க்கு எடுத்து 6.30க்கு விட்டுடுவோம், 25 பேர்கூட ஏறலாம், முழுப் பணமும் முன்னாடியே போட்டுடுங்க" என்கிறார். படகின் போட்டோ கேட்டால் ஏதோ விளம்பரப் படம் மாதிரி ஒன்றை அனுப்புகிறார். இவரை நம்பலாமா, தனிப் படகு தேவையா, எங்கே ஏறுவது, கேக் வெட்டலாமா, மச்சான் டிரோன் வேறு எடுத்து வருகிறேன் என்கிறான், அதற்கு ஏதாவது தடை உண்டா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காயலோரம்:

எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறேன், ஊரில் இருந்து யார் வந்தாலும் இந்தப் படகு ஏற்பாடு என் தலையில்தான் விழும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 5.30 முதல் 6.30 வரை என்கிற கணக்கை விட்டுவிடுங்கள். பொங்கல் சமயத்தில் இங்கே சூரியன் மறைவது 6.20ஐ ஒட்டி. எர்ணாகுளம் மரைன் டிரைவில் ஏறினால் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் நடுவில், காயல் கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் போய்ச் சேரவே ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். 6.30க்குக் கரையில் இறக்கிவிட வேண்டிய படகு ஆறு மணிக்கே திரும்பத் தொடங்கிவிடும், அதாவது சூரியன் இறங்குகிற அந்த நேரத்தில் உங்கள் முதுகு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பேருக்கு சன்செட் ட்ரிப், அவ்வளவுதான். இரண்டு மணி நேரமாகப் பேசுங்கள், ஐந்து மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள், 6.00 முதல் 6.25 வரை முகத்துவாரத்தின் உள்பக்கம் இன்ஜினைக் குறைத்து நிற்க வேண்டும் என்பதைப் பேசும்போதே சொல்லிவிடுங்கள். இங்கே தனிப் படகு என்றால் பெரும்பாலும் ஆள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். அந்தக் கூடுதல் ஒரு மணிக்குக் கொடுக்கிற காசுக்குத்தான் நீங்கள் பார்க்க வந்த காட்சியே இருக்கிறது.

இன்னொரு விஷயம், நீங்கள் வருகிற மாதம் நல்ல மாதம். மழை சீசன் இல்லை என்பது ஒரு பக்கம். தை மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் இறங்காது, தெற்கே சாய்ந்து இறங்கும், அதாவது ஃபோர்ட் கொச்சி கரைப் பக்கமாக. கரையோரச் சீனவலைகளுக்கு (மரக்கட்டைகளில் கட்டித் தூக்குகிற பெரிய மீன்வலைகள்) சற்றுக் கிழக்கே, நடு நீரில் படகை நிறுத்தினால் அந்த வலைகளின் மரக்கட்டைகள் கறுப்பாகத் தெரிய அவற்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். ஜூன் மாதம் வந்தால் அதே இடத்தில் இது கிடைக்காது, அப்போது சூரியன் வைப்பின் பக்கம் போய்விடும், அதற்கு மேல் மழையும். அதிர்ஷ்டம் இருந்தால் முகத்துவாரத்தில் டால்ஃபின் முதுகும் தெரியும், ஆனால் அதைக் காட்டுகிறேன் என்று எவனாவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

டிரோன் வேண்டவே வேண்டாம். கடற்படையின் தெற்குக் கட்டளைத் தலைமையகமே இங்கேதான் இருக்கிறது, பக்கத்திலேயே துறைமுகம். மச்சானைக் கல்யாண நாள் அன்று போலீஸ் ஸ்டேஷனில் தேட வேண்டியிருக்கும்.

சிக்கனம்:

14 பேருக்குத் தனிப் படகு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. 2023 ஏப்ரலில் இருந்து வாட்டர் மெட்ரோ ஓடுகிறது, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய பேட்டரிப் படகு, ஏசி, சத்தமே இல்லை, ஆரம்பித்தபோது டிக்கெட் 20 ரூபாயில் இருந்து 40 ரூபாய் வரைதான். ஹைகோர்ட் டெர்மினலில் ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, கடற்கரையில் நின்று பார்த்தால் சூரியன் இலவசம். கடலுக்குள்ளேயே போக வேண்டும் என்றால் கேரள அரசின் உள்நாட்டு நீர்வழிக் கழகம் நெஃபர்டிட்டி என்று 200 பேர் போகிற கப்பல் விடுகிறது, சாகரராணி என்கிற இன்னொரு படகும் இருக்கிறது. டிக்கெட் எடுத்தால் போதும், புரோக்கர் தொல்லை இல்லை. மிச்சமாகிற பணத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுங்கள்.

காயலோரம்:

@சிக்கனம் கணக்கு சரி, ஆனால் பொங்கல் லீவில் ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோ வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? பாதித் தமிழ்நாடு அங்கேதான் நிற்கும். பாட்டியை வரிசையில் நிறுத்தி, படகு வருவதற்குள் சூரியன் போய்விடும். தவிர அது மூடிய கண்ணாடிப் படகு, காற்று முகத்தில் அடிக்காது. நெஃபர்டிட்டி யோசனை நல்லது, அதை ஒத்துக்கொள்கிறேன், அவர்கள் அட்டவணையில் அந்தத் தேதி மாலை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அங்கே மைக், பாட்டு, டான்ஸ் எல்லாம் இருக்கும், அமைதியாக உட்கார ஆசைப்படுகிற அம்மாவுக்கு அது ஒத்துவருமா என்று நூல்கண்டுதான் சொல்ல வேண்டும்.

வாட்டர் மெட்ரோவில் ஒரு விஷயம் பாராட்டியே ஆக வேண்டும். மிதக்கும் மேடை என்பதால் கடல் நீர் ஏறினாலும் வற்றினாலும் படகும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும், சக்கர நாற்காலியே உள்ளே போகும். தனிப் படகுத்துறைகளில் அப்படி இல்லை, படி இருக்கும், தண்ணீர் இறங்கியிருந்தால் கடைசிப் படிக்கும் படகுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விழும். அதனால் பாட்டிக்காக ஒரு வேலை செய்யுங்கள்: காலையிலேயே ஒருத்தர் துறைக்குப் போய், படகு எங்கே ஒட்டி நிற்கும், பலகை போடுவார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். போனில் கேட்டால் எல்லோரும் "பிரச்சனை இல்லை சாரே" என்றுதான் சொல்வார்கள்.

இன்ஜின்_ரூம்:

கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் சூரியனையே பேசுகிறீர்கள், நான் படகைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்ததும் இதே மாதிரி மாலை நேர உல்லாசப் படகுதான். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, ஏற்றக்கூடியதைவிட அதிகம் பேரை ஏற்றியது, இருட்டுகிற நேரத்தில் ஓட்டியது. 22 பேர் போய்விட்டார்கள், அதில் குழந்தைகள் பலர். அதற்கு முன் 2009 செப்டம்பர் 30, தேக்கடி. கரையில் மிருகம் தெரிகிறது என்று படகில் இருந்தவர்கள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், 45 பேர் இறந்தார்கள். "25 பேர்கூட ஏறலாம்" என்று புரோக்கர் போனில் சொல்வதெல்லாம் கணக்கே இல்லை தம்பி. எத்தனை பேர் என்று படகிலேயே எழுதியிருக்க வேண்டும், பதிவு எண்ணும் வெளியே தெரிய வேண்டும். மேல்தளம் உள்ள படகு என்றால் மேலே எத்தனை பேர் என்பதைத் தனியாகக் கேளுங்கள். சூரியன் இறங்கும்போது 14 பேரும் மேலே ஏறி ஒரே கைப்பிடியில் சாய்ந்து செல்ஃபி எடுப்பதுதான் மனித இயல்பு, அதை முன்கூட்டியே யோசித்து, பாதிப் பேர் கீழே, பாதிப் பேர் மேலே என்று வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

ஓட்டுகிறவர் யார் என்று பாருங்கள். இந்தப் படகுகளில் ஸ்ராங்கு என்று ஒருவர் இருப்பார், அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், இன்ஜினைப் பார்க்க ஆள், கயிறு கட்ட லாஸ்கர் வேண்டும். ஒரே பையன் மூன்று வேலையும் செய்கிறான் என்றால் ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட் குழந்தைகள் அளவில் மூன்று வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் அது தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள், அவிழ்த்து எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் கயிறை அவிழ்க்க விட வேண்டும்.

இன்னும் ஒன்று. அம்மா "கடலுக்குள்" என்று ஆசைப்படுகிறார்கள், சரி. ஆனால் காயல் படகுக்கு உள்நாட்டு நீர்நிலைக்கு மட்டும்தான் அனுமதி, முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே நின்றாலே திறந்த கடல் தெரியும், அது போதும். சின்னப் படகுக்காரர் யாராவது "கொஞ்சம் வெளியே போய் வரலாம்" என்றால் அந்த ஆளையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே சரக்குக் கப்பல் வரும், வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் வண்டி ஏற்றிக்கொண்டு ரோ-ரோ படகு குறுக்கே போகும், கடல் நீர் வற்றுகிற நேரத்தில் நீரோட்டம் நன்றாகவே இழுக்கும். இருட்டிய பிறகு திரும்புவதால் படகில் விளக்கு எரிகிறதா, அந்த நேரத்தில் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இல்லை என்றால் ஃபோர்ட் கொச்சிப் பக்கமே ஒரு துறையில் ஏறி, பார்த்துவிட்டு, உடனே அங்கேயே இறங்குகிற மாதிரி ஏற்பாடு செய்வது நல்லது.

ராசாத்தி_கிச்சன்:

இன்ஜின்_ரூம் ஐயா சொன்னதைப் படித்து எனக்கே ஜாக்கெட் மாட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, ஆனாலும் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே.

தம்பி, படகில் முழுச் சாப்பாடு வேண்டாம். காற்று அடிக்கிற அடியில் பேப்பர் தட்டு அப்பளம் மாதிரி பறக்கும், ரசம் மடியில் கொட்டும், எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும். ஏறியதும் ஃபிளாஸ்க்கில் சூடாகக் காபி, அங்கே எந்த டீக்கடையிலும் பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) கிடைக்கும், ஒரு பை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள், பாட்டிக்கும் மெல்ல முடியும். கேக்கைப் போகிற வழியில், படகு காயலுக்குள் இருக்கும்போதே, கீழ்தளத்தில் வைத்து வெட்டிவிடுங்கள், முகத்துவாரம் போய்விட்டால் கொஞ்சம் ஆடும். மெழுகுவர்த்தி எரியாது, முயற்சி பண்ணவும் வேண்டாம், அது டீசல் படகு. பலூன், ஜிகினா, பூத்தூவல் எதையும் எடுத்து வராதீர்கள், எல்லாம் தண்ணீரில்தான் போய் விழும். இரண்டு மல்லிகை மாலை போதும், கொச்சியில் அலையாமல் திருப்பூரில் கிளம்பும்போதே ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்துவிடுங்கள். கரிமீன் எல்லாம் கரைக்கு வந்து நிதானமாக ஓட்டலில்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் புரோக்கரிடம் படகின் பதிவு எண்ணும் எத்தனை பேருக்கு அனுமதி என்பதும் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சாரே, வந்து பாருங்க" என்றார், அதோடு முடிந்தது. சிக்கனம் அண்ணா, புடவை எப்படியும் வாங்குவோம், அதைச் சொல்லாவிட்டாலும் அம்மா கேட்பார். நெஃபர்டிட்டியை அப்பாவிடம் சொன்னேன், மைக் என்ற வார்த்தையைக் கேட்டதுமே வேண்டாம் என்றுவிட்டார். தனிப் படகுதான்.

அன்று காலை காரில் கிளம்பினால் ஐந்து மணிக்குப் படகைப் பிடிக்க முடியுமா? மதியச் சாப்பாடு வழியில்.

காயலோரம்:

பிடிக்கலாம், ஆனால் வேண்டாம். பாலக்காடு தாண்டி திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி என்று அந்த ரோடு லீவு நாளில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதைத் தாண்டி வந்தால் இடப்பள்ளி சிக்னல் காத்திருக்கும். முதல் நாளே வந்து தங்குங்கள், இல்லாவிட்டால் காலை ரயிலில் வாருங்கள். எர்ணாகுளம் டவுனில் இறங்கினாலும் ஜங்ஷனில் இறங்கினாலும் மரைன் டிரைவ் பக்கம்தான். புதுப் படகுக்காரரிடம் பேசும்போது பாதி முன்பணம் மட்டும் கொடுங்கள், ரசீதில் படகின் பெயர், பதிவு எண், ஏறும் நேரம், இறங்கும் நேரம் நான்கும் இருக்கட்டும். கடைசி நேரத்தில் "அந்தப் படகு ரிப்பேர், இதில் ஏறுங்க" என்று சின்னப் படகைக் காட்டினால் கையில் பிடிமானம் வேண்டுமே.

ராசாத்தி_கிச்சன்:

முக்கியமானதை விட்டுவிட்டேன். படகில் கழிவறை இருக்கிறதா, அது பூட்டாமல் இருக்குமா என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம், மூன்று வாண்டு, ஒரு பாட்டி, ஃபிளாஸ்க் நிறையக் காபி.