மறு: டைம் ஜம்ப் – ‘விடுகாலம்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

கதை இடையில் சில ஆண்டுகளைக் காட்டாமல் தாண்டிப் போவதைத்தான் டைம் ஜம்ப் என்கிறோம். அதற்குத் தமிழில் ‘காலப்பாய்ச்சல்’ என்று ஐயா முன்வைத்த சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால இயந்திரம்தான் நினைவுக்கு வரும். காலப்பயணக் கதையில் பாய்வது ஆள். டைம் ஜம்ப்பில் ஆள் அந்த வருடங்களையும் ஒவ்வொரு நாளாக வாழ்ந்து தீர்க்கிறார். நமக்குக் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் ‘விடுகாலம்’ என்கிறேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. பத்தாண்டு விடுகாலம், ஓராண்டு விடுகாலம் என்று அளவு சேர்த்துச் சொல்லவும் வாகாக இருக்கிறது.

‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனில் (2022) வைத்துப் பாருங்கள். ஐந்தாம் எபிசோடுக்கும் ஆறாவதற்கும் நடுவே பத்தாண்டு விடுகாலம். இளவரசி ரெனீராவுக்கும் அரசி அலிசென்ட்டுக்கும் நடிகைகளே மாறிவிடுகிறார்கள். ஆறாவது தொடங்கும்போது ரெனீராவுக்கு மூன்றாவது மகன் பிறக்கிறான். பிரசவித்த கையோடு அவனைத் தூக்கிக்கொண்டு அரசியின் அறைக்கு நடக்கிறாள். அந்த நடையிலேயே இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு கசப்பு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. விட்ட காலம் இங்கே வீணாகவில்லை.

ரெனீராவின் காதலன் ஹார்வின் ஸ்ட்ராங் விஷயத்தில்தான் அடி விழுகிறது. அவனுக்கும் ரெனீராவுக்குமான உறவு முழுக்க விடுகாலத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. ரெனீராவின் பிள்ளைகளின் தலைமுடி அவனுடையதைப் போல் இருப்பதைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். அதே எபிசோடில் அவன் தீயில் சாகிறான். அவனோடு பழகவே விடாமல் அவனுக்காக அழு என்றால் எப்படி? மூலநூலான ‘ஃபயர் அண்ட் பிளட்’ (2018) வரலாற்று நூல் நடையில் எழுதப்பட்டது. அங்கே பத்து வருடத்தைச் சில பக்கங்களில் கடந்தாலும் உறுத்தாது. திரையில் முகம் பார்த்துப் பழகியவர்களுக்கு உறுத்துகிறது.

நம் தருமபுரிப் பக்கம் பாரதம் (மகாபாரதக் கூத்தும் பிரசங்கமும் நடக்கும் திருவிழா) நடக்கும்போது இதை எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார்கள்! பன்னிரண்டு வருட வனவாசத்தில் பெரும்பகுதியைக் கூத்து விட்டுவிடுகிறது. ஆனால் அர்ச்சுனன் தபசை விடுவதில்லை. தபசு மரத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுகிறார் அர்ச்சுனன் வேஷக்காரர்; கீழே சனம் அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்தி நிற்கிறது. இரவுக் கூத்து விட்டதைப் பகல் பிரசங்கம் சொல்லிவிடும். எதை விடுவது, விட்டதை எங்கே ஈடுகட்டுவது என்று தெரிந்துகொண்டுதான் விடுகிறார்கள். ‘விடுகாலம்’ என்று சொன்னால் இந்தக் கேள்வி சொல்லிலேயே வந்துவிடுகிறது. ‘பாய்ச்சல்’ அதைக் கேட்பதில்லை.

ஆண்டுகளைக் கலைத்துப் போடுவது வேறு வகை. ‘தி விட்சர்’ தொடரின் முதல் சீசனில் (2019) மூன்று பேர் கதை வேறு வேறு ஆண்டுகளில், அறிவிப்பே இல்லாமல் மாறி மாறி வரும். அதற்குக் ‘காலக்கலப்பு’ போதும். அப்புறம், பேசிங் (கதை நகரும் வேகம்) என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம் அக்கா, ‘கதையோட்டம்’ எல்லோர் வாயிலும் இருக்கிறது.

‘விடுமுறை’ நினைவு வருகிறது என்று சிலர் சொல்லக்கூடும். வரட்டும், விடுகதையையும் விடுமுறையையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லையே. வேறு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.